பார்மசியில் பிஎச்.டி. சேரும் முன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பார்மசி முதுகலைப் படிப்பான எம்.பார்ம். முடித்துவிட்டாள், ஹைதராபாத்தில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை தயாராக இருக்கிறது, அவளோ பிஎச்.டி.தான் படிப்பேன் என்று நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரி உதவித்தொகை தராது, ஆனால் உடனே சேர்த்துக்கொள்ளும். வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கட்டுமே என்பது உங்கள் ஆசை. தாய் மனது அப்படித்தான் நினைக்கும். ஆனாலும் நான் முதலில் வேண்டாம் என்பது அந்தக் கல்லூரியைத்தான்.

மருந்து ஆராய்ச்சி செலவு பிடித்த வேலை. உங்கள் மகள் ஒரு புது மாத்திரையை உருவாக்கினால், அது கெடாமல் நிற்கிறதா என்று காட்ட 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். இடையிடையே எடுத்து, மருந்துக் கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி, மருந்தின் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிகளில் சோதிப்பதென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பணமும் கருவியும் இல்லாத இடத்தில், மாணவியே கைக்காசில் ரசாயனம் வாங்கி, வெளி ஆய்வகங்களுக்குக் கட்டணம் கட்டி சாம்பிள் அனுப்பிக்கொண்டிருப்பாள். எம்.பார்ம். படிக்கும்போதே ஜிபேட் என்ற பார்மசி நுழைவுத் தேர்வில் பெற்ற தகுதியால் மாதம் 12,400 ரூபாய் வாங்கிய பெண், அதற்கு மேல் படிக்கும்போது வீட்டில் பணம் கேட்கும் நிலை ஏன் வர வேண்டும்?

உதவித்தொகையோடு படிக்க வழிகள் இருக்கின்றன. மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத், குவாஹாட்டி உட்பட ஏழு இடங்களில் நைப்பர் எனப்படும் மத்திய அரசின் மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அறிவியல் ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பார்மசி மாணவர்கள் பலர் நெட் தங்களுக்கானதல்ல என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உயிரியல், வேதியியல் தாள்களில் அவர்களுக்குப் பழக்கமான பாடங்கள் நிறையவே வருகின்றன.

நிறுவனத்தின் பெயரைவிட, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் யார் என்பதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். அடுத்த ஐந்து ஆண்டுகள் உங்கள் மகளின் விடுமுறையும், கட்டுரைகளும், பல சமயம் நிம்மதியும்கூட அந்த ஒருவர் கையில் இருக்கும். சேர்வதற்கு முன் அவள் அந்த ஆய்வுக்கூடத்துக்கு நேரில் போகட்டும். எச்.பி.எல்.சி. கருவிக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று அதில் எழுதுவார்கள். சமீபத்திய பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள். பிறகு மூத்த மாணவர்களோடு, நெறியாளர் இல்லாத நேரத்தில், ஒரு டீ குடிக்கட்டும். இவரிடம் கடைசியாக ஆய்வேடு சமர்ப்பித்தவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, பாதியில் விட்டுப்போனவர் யாராவது உண்டா என்று கேட்கட்டும். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர் புதிதாக மாணவர்களை எடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி சொல்கிறது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஹைதராபாத் வேலை. உதவித்தொகையோடு இந்த ஆண்டே நல்ல இடம் கிடைத்தால் பிஎச்.டி.க்குப் போகட்டும், கிடைக்காவிட்டால் வேலையில் சேரட்டும். வேலைக்குப் போனால் படிப்பு அவ்வளவுதான் என்ற பயம் அவளுக்கு இருக்கும். மருந்தை மாத்திரை, சிரப் போன்ற வடிவங்களாக்கும் ஃபார்முலேஷன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வருபவர்கள் கருவிகளைப் பயமில்லாமல் கையாள்கிறார்கள், உருப்படியான ஆய்வுக் கேள்வியோடு வருகிறார்கள். நிறுவனத்தின் ஒப்புதல் இருந்தால் பகுதி நேரமாகப் பதிவு செய்யவும் வழி உண்டு.

கல்யாணம் தள்ளிப்போகுமே என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கலாம். திருமணத்துக்குப் பிறகு ஆய்வை முடித்த பெண்கள் ஏராளம். வரன் பார்க்கும்போதே படிப்பைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும், அவள் தலையில் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, அவள் ஏன் பிஎச்.டி. கேட்கிறாள் என்பது. கல்லூரியில் பேராசிரியராக வேண்டுமென்றால் அந்தப் பட்டம் அவசியம். மருந்து உற்பத்தியிலோ தரக் கட்டுப்பாட்டிலோ இருக்க விருப்பமென்றால் எம்.பார்ம். போதும். புது மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி என்றால், பிஎச்.டி.க்குப் பிறகும் சில ஆண்டுகள், பெரும்பாலும் வெளிநாட்டில், முதுமுனைவர் ஆய்வு இருக்கிறது. எந்த நோய்க்கான மருந்தில், எந்தச் சிக்கலைத் தீர்க்க நினைக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்துக்குப் பதில் சொல்லும் கடைசி நாளுக்கு முன்னால் அது எனக்கு வந்தால், அதற்குப் பொருந்தும் ஆய்வுக்கூடங்கள் எவை என்று பார்த்து அவளுக்கே எழுதுகிறேன்.