காலையில் 310 காட்டினால் இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் தோப்பில் காவலுக்கு இருக்கும் பெண் நாய்க்கு 8 வயது, 18 கிலோ எடை. சர்க்கரை நோய்க்காக இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறோம். அப்பாவின் மீட்டரில் பார்த்தால் காலை ஊசிக்கு முன் 310 காட்டுகிறது. தண்ணீரும் நிறையக் குடிக்கிறது. டோஸைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். ராத்திரி போட்ட மருந்தின் வேகம் அடங்கிய பிறகு எடுத்த அளவு அது, ஏறித்தான் இருக்கும். சில சமயம் மருந்து அதிகமாகி, சர்க்கரை ரொம்ப இறங்கி, அதைச் சமாளிக்க ஈரல் சர்க்கரையை அள்ளி விடுவதாலும் காலையில் இப்படிக் காட்டும். அந்த நேரத்தில் இன்னும் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். புட்டியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சுதான் சரி. அதே மருந்தை ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான்.

அது சரியாக இருந்தால், ஒரு நாள் ஒதுக்கி, வழக்கமான தீனி, வழக்கமான டோஸ் கொடுத்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 12 மணி நேரம் அளந்து எழுதுங்கள். காது மடலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டு ஓரத்தில் குத்தினால் ஒரு சொட்டு கிடைக்கும். மிகக் குறைந்த அளவு 80 முதல் 150-க்குள் நின்றால் நல்லது. மனிதர் மீட்டர் நாய்க்குப் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதால் எந்த மீட்டர் என்பதையும் குறித்து, தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் குத்த வேண்டாம். தண்ணீரை அளந்து வையுங்கள். இந்த எடைக்கு ஒரு நாளில் 1.8 லிட்டரைத் தாண்டினால் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றே பொருள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கண்ணில் வெண்மை படர்கிறதா என்றும் கவனியுங்கள், நாய்களுக்குப் புரை சீக்கிரமே வந்துவிடும்.

அப்புறம், கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால் ஒவ்வொரு சினைப்பருவத்துக்குப் பின்னும் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. எவ்வளவு கூட்டினாலும் பிடிபடாத நோய்க்குப் பல சமயம் இதுவே காரணம்.

சர்க்கரை ரொம்ப இறங்கித் தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் உடனே ஈறில் தேன் தடவி, மருத்துவரை அழையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தீனி எடுக்காமல் வாந்தி எடுத்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.