சத்தம் நின்றால் போதுமா? குறட்டைக் கருவி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கணவரின் குறட்டைக்கு, கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் வாய்க் கருவியை, வெந்நீரில் போட்டுப் பல்லால் கடித்துப் பதித்துக்கொள்ளும் வகையில், ஆன்லைனில் வாங்கலாமா?

பதில்: அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, அமைதியாகி, பிறகு திணறலோடு மூச்சை இழுக்கிறாரா? பகலில் தூங்கி விழுகிறாரா? அப்படியென்றால் அது ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் கோளாறாக இருக்கலாம். முதலில் தூக்கப் பரிசோதனை செய்யவேண்டும். குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதும், பெரிதும் குறைவதும் மணிக்குச் சராசரியாக எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பரிசோதனை இல்லாமல் கருவி மாட்டினால் சத்தம் மட்டும் அடங்கி, மூச்சடைப்பு தொடரக்கூடும். வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்குப் பயமே அதுதான்.

வெந்நீர்க் கருவி பல்லில் சரியாகப் பிடிக்காது, தூக்கத்தில் கழன்றுவிடும். தாடையை நினைத்த அளவுக்கு நகர்த்தி நிறுத்தவும் பெரும்பாலும் வழியிருக்காது.

கேள்வி: பல் டாக்டர் செய்துதரும் கருவி எப்படி வேலை செய்கிறது? மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் மெஷினுக்குப் பதிலாகுமா?

பதில்: இப்போதே தொண்டையால் குறட்டைச் சத்தம் எழுப்பிப் பாருங்கள். பிறகு கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வரும்படி தாடையைத் தள்ளிக்கொண்டு அதையே செய்யுங்கள். பலருக்குச் சத்தமே வராது. தாடையோடு நாக்கின் அடிப்பகுதியும் முன்னே வந்து, தொண்டையின் பக்கச் சுவர்கள் விறைத்து, காற்றுப்பாதை அகலமாகிறது. மேல்பல்லுக்கு ஒன்றும் கீழ்ப்பல்லுக்கு ஒன்றுமாக இரண்டு கவசங்கள் கொண்ட கருவி, இதே நிலையில் தாடையை இரவு முழுதும் நிறுத்திவைக்கிறது.

உங்களால் தாடையை அதிகபட்சம் எவ்வளவு முன்னே தள்ளமுடியும் என்று அளப்பார்கள். அது 10 மி.மீ. என்றால், 5 முதல் 7 மி.மீ.யில் தொடங்குவது வழக்கம். எடுத்த எடுப்பில் முழுதாக இழுத்தால் மூட்டு வலித்து, கருவி மேஜை டிராயருக்குள் போய்விடும். பிறகு கருவியில் உள்ள திருகைத் திருப்பி, சில நாளுக்கு ஒருமுறை கால் அல்லது அரை மி.மீ. கூட்டவேண்டும். குறட்டை அடங்கி, காலையில் தெளிவாக எழுந்ததும் நிறுத்தலாம். ஆனால் வேலை அங்கே முடியவில்லை: கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை செய்யவேண்டும். இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வெறும் குறட்டைக்கும் லேசான, நடுத்தர ஆப்னியாவுக்கும் இது நல்ல வழி. கடுமையானதற்குச் சிபாப்தான் முதலில். மூச்சு நிற்கும் எண்ணிக்கையை அது கருவியைவிட அதிகம் குறைக்கும். மாஸ்க்கோடு தூங்கவே முடியாதவர்களுக்கு, ஒன்றும் இல்லாததற்குக் கருவி எவ்வளவோ மேல். மூளையிலிருந்தே மூச்சுக் கட்டளை தவறும் சென்ட்ரல் வகைக்கு இது பயன்படாது.

கேள்வி: கருவியைக் கழற்றினால் காலையில் கடைவாய்ப் பற்கள் சேரமாட்டேன் என்கின்றன. ஆபத்தா?

பதில்: தாடையை முன்னிழுக்கும் தசை இரவெல்லாம் சுருங்கியே கிடந்ததால் வரும் தொல்லை. டாக்டர் தந்த காலைக் கடிகட்டையைச் சில நிமிடம் மெதுவாகக் கடித்தால், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடி பழையபடி திரும்பும். மதியம் வரை சேரவில்லை என்றாலோ, காதுக்கு முன்னால் வலி நீடித்தாலோ திருகைப் பின்னால் திருப்பவேண்டும். அதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் போடும்போது மேல்முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ்முன்பற்கள் சற்று வெளியேயும் சாய்வது உண்டு. வருடம் ஒருமுறை கடியைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். முதல் வாரங்களில் எச்சில் வடிவது சாதாரணம்.

கேள்வி: பல்செட் போட்டிருப்பவர்?

பதில்: மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் தலா 8 முதல் 10 உறுதியான பற்களாவது இருந்தால்தான் கருவிக்குப் பிடிமானம். ஈறு நோயால் ஆடும் பல் எண்ணிக்கையில் சேராது. பல்லே இல்லாதவர்களுக்கு, நாக்கு நுனியை ஒரு சிறு குமிழில் உறிஞ்சிப் பிடித்து முன்னால் நிறுத்தும் கருவி உண்டு. பழக நாளாகும், நாக்கு நுனி வலிக்கும்.

கேள்வி: எப்படிக் கழுவுவது?

பதில்: குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், துளி சோப்பு. வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, அதில் அழுக்கு ஏறி நாற்றமடிக்கும்.