குட்டியின் மஞ்சள் சாணம் நோயா?

கேள்வி: பிறந்து பத்து நாளான என் வெள்ளாட்டுக் குட்டி மஞ்சள் நிறத்தில் பசைபோலச் சாணமிடுகிறது, புழுக்கை போடவில்லை, அசைபோடவும் இல்லை. இது செரிமானக் கோளாறா?

பதில்: குட்டி ஆர்வமாகப் பால் குடித்துத் துள்ளித் திரிகிறதென்றால் அஞ்ச வேண்டியதில்லை. பிறந்தவுடன் கருமையாகவும் பிசுபிசுப்பாகவும் வெளியேறும் முதல் மலத்திற்குப் பின், பால் மட்டுமே உணவாக இருக்கும் நாட்களில் மஞ்சள் சாணம் வருவது இயல்பே. ஆட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள் உண்டெனினும், குட்டியில் பெரியதாக இருப்பது நான்காவது அறைதான்; குட்டி சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவிலுள்ள பள்ளம் குழாய்போல மூடிக்கொள்வதால், பால் முதல் அறையில் தேங்காமல் நேராக அங்கே சென்று தயிர்போல உறைந்து செரிக்கிறது. வாயைப் பிளந்து பாலை ஊற்றினால் இந்த ஏற்பாடு குலையலாம் என்பதால், அப்படிச் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு, மூன்று வாரங்களில் குட்டி தழையைக் கொறிக்கத் தொடங்கும். அந்த நார்த்தீவனமும் அதனுடன் சேரும் நுண்ணுயிர்களும்தான் முதல் அறையை வளர்த்து, அசைபோடவும் புழுக்கையிடவும் வைக்கின்றன. ஆகவே மென்மையான தழையையும் சுத்தமான நீரையும் இப்போதே எட்டும்படி வையுங்கள்.

சாணம் நீராகப் பீச்சினாலும், இரத்தம் கலந்தாலும், இடப்பக்க வயிறு பறைபோல விறைத்தாலும், குட்டி பாலை மறுத்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; கழிச்சலில் நீரிழப்பு இளங்குட்டியை விரைவில் வீழ்த்திவிடும்.