பதில்: கபடி பேனரில் தமிழ் மட்டும் ஏன் சாதாரணமாக நிற்கிறது?

வணக்கம். மன்னார்குடி கபடிப் போட்டி பேனரில் ஆங்கிலத்துக்கு ஆர்பிட்ரான் என்ற எழுத்துருவைப் போட்டால் விண்கலம் மாதிரி வருகிறது, தமிழ் மட்டும் மாறவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆர்பிட்ரானில் தமிழ் எழுத்துகளே கிடையாது; கணினி தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

தலைப்பை மட்டும் நீங்களே வரைந்துவிடுங்கள். கட்டம் போட்ட நோட்டில் முதலில் ‘கபடி’ எழுதிப் பாருங்கள். ப, ட இரண்டும் பிறவியிலேயே மூலைக்காரர்கள். க-வின் வளைவையும் டி-யின் மேல்வளைவையும் 45 பாகையில் வெட்டினால் போதும்.

தகராறு ‘மன்னார்குடி’யில்தான். ன-வின் ரெண்டு சுழியையும் கட்டமாக்கித் தடிமனும் ஏற்றினால், உங்கள் ஊர்ப் பந்தலடியில் பைக்கில் போகிறவருக்குக் கருப்புப் பொட்டாகத்தான் தெரியும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை, கோட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. மெய்யெழுத்துப் புள்ளியைச் சதுரமாக வைக்கலாம், அழகுக்காக எடுத்துவிடாதீர்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமலே எழுதினார்கள், வாஸ்தவம். ஆனால் அதைப் படித்தவருக்குப் பொறுமை இருந்தது.

தேதி, நுழைவுக் கட்டணம், போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம், ஃபிளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்குங்கள். போன வருஷம் எங்கள் ஊர்த் திருவிழா பேனரில் ‘கொடியேற்றம்’ என்பதன் கொம்பு தனியாகப் பிரிந்து, பத்து நாளும் அப்படியே தொங்கியது.