கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது?

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவர வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார். அதிலிருந்து பாரிமுனை டீக்கடை வரை என்னிடம் இதே பேச்சுதான். வக்கீல் என்றால் விடுவீர்களா! வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரத்திலிருந்து: நம் ஜனாதிபதியும் இப்படி ஒரே கையெழுத்தில் விட்டுவிடலாமா சார்?

கையெழுத்துதான் அவருடையது. அரசியல் சட்டத்தின் 72-வது பிரிவு தரும் மன்னிப்பு அதிகாரத்தை மத்திய அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் பயன்படுத்த முடியும். 1980-லேயே மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்க அதிபர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே மாநிலச் சட்டப்படி தண்டனை பெற்றவரை அவரால் தொட முடியாது.

பெரம்பூரிலிருந்து: ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை மன்னித்தது ஜனாதிபதி என்கிறேன் நான், கவர்னர் என்கிறார் மாமா. யார் சரி?

இரண்டு பேரும் தோற்றீர்கள். ஜனாதிபதி மன்னிக்கவில்லை; 2011 ஆகஸ்டில் அவருடைய கருணை மனுவைத் தள்ளுபடி செய்தார். செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று நம் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்ததும் கருணையால் இல்லை. பதினோரு வருஷம் மனுவைக் கிடப்பில் போட்டுவிட்டுத் தூக்கில் போடக்கூடாது என்பதுதான் காரணம். 2018-ல் அந்த வழக்கில் தண்டனையில் இருந்த ஏழு பேரையும் விடச் சொல்லி, ஆளுநரின் மன்னிப்பு அதிகாரமான 161-வது பிரிவின்கீழ் மாநில அமைச்சரவை பரிந்துரைத்தது. அதுவும் ஒரு செப்டம்பர் 9! ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, கடைசியில் ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டார். அப்படித் தள்ள அவருக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி, 2022 மே 18 அன்று முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142-வது பிரிவு அதிகாரத்தைக் கையிலெடுத்து உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. மற்ற ஆறு பேர் அதே நவம்பரில். அந்த வழக்கில் நிஜமாகவே கருணை என்று ஒன்று கிடைத்தது நளினிக்கு மட்டும்தான்: 2000-ல் மாநில அமைச்சரவை சொல்லி ஆளுநர் தூக்கை ஆயுளாக்கினார்.

வேளச்சேரியிலிருந்து: ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்துப்போன போலீஸ்காரர்கள் வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா ஐயா?

நியாயமான கோபம் அம்மா. கருணை மனுக் கோப்பில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிச் சட்டம் எழுதப்படவில்லை. ஆனால் நீதிமன்றம் போகலாம். ஆந்திராவில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற காங்கிரஸ்காரர் ஒருவருக்கு ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். தண்டனை பெற்றவர் நல்ல கட்சித் தொண்டர் என்பதும் கோப்பில் ஒரு தகுதியாக ஏறியிருந்தது! கொலையானவரின் மகன் வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றது.

ராயபுரத்திலிருந்து: மனு தள்ளுபடியானால் மறுநாளே தூக்கா அண்ணே?

இல்லை தம்பி. தகவல் கைக்குக் கிடைத்த பிறகு குறைந்தது 14 நாள், குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டும். இது உச்ச நீதிமன்றத்தின் 2014 ஜனவரித் தீர்ப்பு.