நேஷனல் டிரஸ்ட் அட்டை: ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது எடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. ஜூலையில் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் குடும்ப அட்டை (கட்டணமில்லாமல் உள்ளே போக உதவும் ஆண்டு உறுப்பினர் அட்டை) எடுத்தால் ஆறு பேரும் சுற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஆறு பேருக்கும் செல்லாது. ஒரே முகவரியில் வசிக்கும் இரண்டு பெரியவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும்தான் குடும்ப அட்டை. விருந்தாளியாக வரும் தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட். சின்னவனுக்கு 5 வயது ஆகும்வரை எப்படியும் இலவசம்.

இன்னொன்று. ஊரிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்கும் டவர் ஆஃப் லண்டனும் வின்ட்சர் கோட்டையும் டிரஸ்டுடையவை அல்ல. 1895-இல் தொடங்கிய இந்த அறக்கட்டளையிடம் இருப்பவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள பழைய மாளிகைகள், தோட்டங்கள், கடலோரம், மலை. அதனால் என் கணக்கு எளிது: கார் இருந்து, அப்பா அம்மா திரும்பிப் போன பிறகும் மாதம் ஒருமுறையாவது கிளம்புவீர்கள் என்றால் எடுங்கள். இந்தக் கோடைக்கு மட்டும் என்றால் வேண்டாம். மாதாமாதம் கட்டினாலும் அது ஓராண்டு ஒப்பந்தம். டிரஸ்டுடைய டோவர் வெள்ளைப் பாறைகளில் நடக்க யாருக்கும் கட்டணமே இல்லை, கார் நிறுத்தத்தான் காசு. அட்டை இருந்தால் அதுவும் மிச்சம்.

டிக்கெட் எடுக்கும்போது ‘கிஃப்ட் எய்ட்’ வேண்டுமா என்று கேட்டால், அப்பா அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது இங்கே வரி கட்டுகிறவர்களுக்கானது, விலையும் சற்று கூடுதல். உங்கள் அட்டைக்குத் தாராளமாக டிக் போடலாம். நீங்கள் கட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு டிரஸ்டுக்கு 25 பென்ஸ் தரும்.

ஒரே ஒரு நீண்ட பயணம் போக முடிந்தால் வேல்ஸில் டிரஸ்டிடம் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போங்கள். 1751-இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவும், பின்னாளில் சென்னை கவர்னரான அவர் மகன் எட்வர்டும் கொண்டுபோனவை அங்கே இருக்கின்றன. திப்பு சுல்தானின் சீட்டித்துணிக் கூடாரம், அவர் அரியணையிலிருந்த தங்கப் புலித்தலை எல்லாம் பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் கிளைவைப் படித்த அப்பா அங்கிருந்து சீக்கிரம் நகர மாட்டார். திறந்திருக்கும் நாள் எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: இந்த மாளிகைகளில் நாற்காலி மேல் பைன் காய் வைத்திருந்தால் அலங்காரம் இல்லை, உட்காராதீர்கள் என்று அர்த்தம். கால் வலித்தால் அந்த அறையில் நிற்கும் தன்னார்வலரைக் கேளுங்கள், உட்கார வேறு இடம் காட்டுவார்.