ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

கேள்வி: 2018-இல் நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். பி450 மதர்போர்டு, ரைசன் 5 2400ஜி ப்ராசஸர், 8 ஜிபி ரேம். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இப்போது ரைசன் 5 5600 வாங்கி மாட்டினேன், கூடவே இன்னொரு 8 ஜிபி ரேமும். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். போர்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குப் போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 2400ஜி-க்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. போர்டின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ-க்குப் படம் வந்தது அதிலிருந்துதான். 5600-இல் அது இல்லை. ரைசன் 5000 வரிசையில் 5600ஜி, 5700ஜி என்று 'ஜி' சேர்ந்தவற்றில்தான் உண்டு. ஆக, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் திரையில் படம் வராது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டு அதில் மானிட்டரை இணைக்க வேண்டும், அல்லது கடையில் பேசி 5600ஜி-யாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள். 5600 வெளிவந்தது 2022-இல். 2018 போர்டின் பயாஸை நீங்கள் புதுப்பிக்கவே இல்லையென்றால் அதற்கு இந்தச் சிப்பை அடையாளமே தெரியாது. 5600ஜி வாங்கினாலும் இதே கதைதான். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று குட்டி விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். விஜிஏ என்றால் சிப்பைப் போர்டு ஏற்றுக்கொண்டது, கிராஃபிக்ஸைத்தான் தேடுகிறது. சிபியு என்றால் முதலில் பயாஸைச் சந்தேகியுங்கள். டிராம் என்றால் ரேம்.

எதுவானாலும் பழைய 2400ஜி-யையும் பழைய ரேமையும் திரும்ப மாட்டிப் பாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்த பிறகு கை வையுங்கள். சிப்பின் மேல் இருக்கும் ஹீட்சிங்கை (சூட்டைத் தணிக்கும் உலோகப் பாகம்) நேராக மேலே இழுக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால் சாக்கெட்டின் லிவர் பூட்டியிருக்கும்போதே சிப் பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் (ஊசிகள்) வளையும். இடம் வலமாக மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு எடுங்கள். சிப்பைக் கவிழ்த்து, பின் வரிசைகள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைந்த பின்னை ஏடிஎம் கார்டின் ஓரத்தால் பொறுமையாக நிமிர்த்தலாம். மாட்டும்போது தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். சிப் தானாக உட்காரும், அழுத்தத் தேவையில்லை. பேஸ்ட் புதிதாகப் போடுங்கள்.

படம் வந்துவிட்டதா? சரி, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸை எடுத்து, ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போடுங்கள். சில போர்டுகளில் இடையில் வேறொரு பதிப்பைப் போட்ட பிறகுதான் புதியதைப் போட முடியும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டு உண்மையிலேயே போய்விடும், அதனால் யுபிஎஸ்ஸில் செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். ப்ராசஸர் மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே திறக்காது.

அப்புறம்தான் புதிய ரேம். நான்கு ஸ்லாட் போர்டென்றால் பொதுவாக ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவதும் நான்காவதும். கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டும் சேர்ந்து ஓடாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

பழைய சிப்பிலும் படம் வரவில்லையென்றால், சாக்கெட் அருகே போகும் 8 பின் பவர் கேபிள் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். இதற்கும் அசையாவிட்டால், வேறொரு பவர் சப்ளையில் போட்டுப் பார்த்த பிறகு போர்டு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.